முதல் ஜப்பானிய வாள்: பிடிக்குள் இருப்பதைப் பார்த்து வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

டோக்கியோவில் ஒரு வாள் கடையில் முதன்முதலாக உட்கார்ந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. உறையிலிருந்து உருவிய வாளின் பளபளப்பைக் கடைக்காரர் எனக்குக் காட்டவில்லை. சின்னப் பித்தளைச் சுத்தியலை எடுத்து, பிடியில் குறுக்கே செருகியிருந்த மூங்கில் ஆணியைத் தட்டி வெளியே எடுத்தார். இடது கையால் பிடியைப் பற்றி வாளை நிமிர்த்தி, வலது கை முட்டியால் இடது மணிக்கட்டில் மெல்ல இரண்டு தட்டு. பிடிக்குள் இருந்த கறுத்த இரும்பு தளர்ந்து மேலே வந்தது. அதைத்தான் முதலில் என் பக்கம் நீட்டினார்.

அதற்கு நகாகோ என்று பெயர். நம் அரிவாளில் மரப்பிடிக்குள் போகும் வால் பகுதி போல. வாளின் மற்றதெல்லாம் மாறக்கூடியது. தகட்டைப் புதிதாக மெருகிடலாம், உறையை மாற்றலாம், பிடியில் புதுக் கயிறு சுற்றலாம். நகாகோவில் மட்டும் செய்த நாள் முதல் யாரும் தேய்க்காமல் விட்ட துரு இருக்கிறது. கொல்லரின் அரம் ஓடிய கோடுகள், அவர் உளியால் வெட்டிய பெயர், பின்னால் வந்தவர்கள் துளைத்த ஓட்டைகள் எல்லாம் அந்த ஒரு சாணில் இருக்கின்றன. முதல் வாள் வாங்கப் போகிறவருக்கு நான் சொல்வதில் பாதி அந்த இருண்ட பகுதியைப் படிப்பதைப் பற்றித்தான்.

முதல் படி: ஆறு மாதம் வெறும் கண்ணால் வாங்குங்கள்

பணத்தை எடுக்கும் முன் நல்ல வாள்களை நிறையப் பார்க்க வேண்டும். மோசமானதை நூறு பார்த்தாலும் கண் பழகாது. நல்லது பத்து பார்த்தால் மோசமானது தானாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

டோக்கியோ உஎனோவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் மிகாசுகி முனேச்சிகா, தோஜிகிரி யாசுத்சுனா போன்ற தேசியப் பொக்கிஷ வாள்கள் இருக்கின்றன. எப்போதும் காட்சியில் இருக்காது. முறை வைத்து வெளியே எடுப்பார்கள். சுமிதா பகுதியில் வாள் அருங்காட்சியகம் இருக்கிறது; 2018-இல் யோயோகியிலிருந்து இங்கே இடம் மாறியது. ஒகயாமா மாநிலத்தில் செத்தோஉச்சி நகரின் ஒசாபுனே ஊர் பல நூற்றாண்டுகள் வாள் கொல்லர்கள் வாழ்ந்த இடம். அந்த நகராட்சி 2020-இல் மக்களிடம் நன்கொடை திரட்டி, சான்சோமோ என்ற புகழ்பெற்ற வாளை 50 கோடி யென்னுக்கு வாங்கித் தன் அருங்காட்சியகத்தில் சேர்த்தது. ஒரு சின்ன ஊர் ஒரு வாளுக்காக அவ்வளவு மெனக்கெட்டது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

அருங்காட்சியகத்தில் நேராக நின்று பார்த்தால் வெறும் வெள்ளி நிறத் தகடுதான் தெரியும். முழங்காலை மடக்கிக் குனியுங்கள். மேலே எரியும் விளக்கின் பிரதிபலிப்பு வாளின் கூர்ப்பக்கத்தில் விழும் வரை தலையை மெல்ல ஏற்றி இறக்குங்கள். ஓரிடத்தில் சட்டென்று பனிமூட்டம் போல ஒரு வெண்கோடு எழுந்து வரும். அதுதான் ஹாமோன். பார்க்கத் தெரிந்தவர்கள் கண்ணாடிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து எழுந்துகொண்டே இருப்பது இதற்காகத்தான்.

கையில் எடுத்துப் பார்க்க, ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் டோக்கியோ ஷிம்பாஷியில் உள்ள பிஜுத்சு கிளப்பில் நடக்கும் தாய் தோகென் இச்சி விற்பனைக் கண்காட்சி நல்ல இடம். நாட்டின் முக்கிய வாள் வணிகர்கள் ஒரே கூரையின் கீழ் கூடுவார்கள். முதல் வருடம் ஒன்றும் வாங்காமல் சுற்றி வாருங்கள்.

இரண்டாம் படி: எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

நீளத்தைப் பழைய அளவான ஷாகுவில் கணக்கிடுவார்கள். ஒரு ஷாகு 30.3 செ.மீ.; அதில் பத்தில் ஒரு பங்கு சுன். ஒரு ஷாகுவுக்குக் குறைந்தது டான்டோ, ஒன்றிலிருந்து இரண்டு வரை வாகிஸாஷி, இரண்டு ஷாகுவுக்கு மேல், அதாவது 60.6 செ.மீ.க்கு மேல் போனால் கட்டானா அல்லது தாச்சி. முனையிலிருந்து, பிடி தொடங்கும் இடத்தில் வாளின் முதுகில் வெட்டியிருக்கும் படி வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். வளைவோடு அளக்கக் கூடாது. தாச்சியை இடுப்பில் கூர் கீழ்நோக்கித் தொங்கவிடுவார்கள். கட்டானாவைக் கூர் மேல்நோக்கிக் கச்சையில் செருகுவார்கள்.

காலத்தில் 1596-க்கு முன் உள்ளவை கொத்தோ, அதாவது பழைய வாள்கள். அதன் பிறகு 18-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை ஷிந்தோ, அடுத்து 1876 வரை ஷின்ஷிந்தோ. 1876-இல் பொது இடத்தில் வாள் அணிவதற்கு அரசு தடை போட்டது. அதற்குப் பின் வந்தவை கெந்தைத்தோ.

முதல் வாளாகப் பலருக்கு நான் சொல்வது சான்றிதழ் உள்ள ஒரு வாகிஸாஷி. எல்லோருக்கும் கட்டானா மேல்தான் ஆசை என்பதால் அதே தரமுள்ள வாகிஸாஷி பாதிக்கும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மூன்று முதல் ஐந்து லட்சம் யென்னில் நல்ல ஷிந்தோ வாகிஸாஷி பார்க்கலாம். சான்றிதழோடு கட்டானா வேண்டுமென்றால் பத்து லட்சத்தைச் சுற்றி எதிர்பாருங்கள். கையில் உள்ள பணத்துக்கு ஒரு மோசமான கட்டானாவை வாங்குவதைவிட ஒரு நேர்மையான வாகிஸாஷி எவ்வளவோ மேல்.

இரண்டாம் உலகப் போர் கால ராணுவ வாள்களான குந்தோ பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். மலாயா, சிங்கப்பூர், பர்மாவில் 1945-இல் சரணடைந்த அதிகாரிகளிடமிருந்து இவை ஏராளமாக வெளிநாடுகளுக்குப் போயின. பெரும்பாலானவை தொழிற்சாலையில் எண்ணெயில் தோய்த்துச் செய்தவை. நகாகோவில் சின்ன முத்திரை குத்தியிருக்கும். கீழ்நிலை அதிகாரிகளுக்கான 1935 மாதிரியில் தகட்டின் மேலேயே வரிசை எண் இருக்கும். ஆனால் சில குடும்பங்கள் போருக்குப் போகும் மகனிடம் பரம்பரை வாளையே ராணுவ உறையில் போட்டுக் கொடுத்தனுப்பின. அதனால் தோல் உறையைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள், பிடியைக் கழற்றிப் பாருங்கள்.

மூன்றாம் படி: கையில் வாங்கும் முறை

கடையில் வாளை நீட்டினால் சிறிதாகத் தலை வணங்கி வாங்குங்கள். கூர் மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, வாளின் முதுகு உறையின் மேல் வழுக்கிவரும்படி ஒரே சீராக உருவுங்கள். பக்கவாட்டில் சாய்த்தால் மெருகில் கீறல் விழும். தகட்டை விரலால் தொடவே கூடாது. வியர்வை பட்ட இடத்தில் சில நாளில் விரல் ரேகையே துருவாகப் பதிந்துவிடும். வாளுக்கு மேல் வாய் வைத்துப் பேசாதீர்கள், எச்சில் தெறிக்கும். மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் முதலிலேயே கழற்றிவிடுங்கள். திருப்பித் தரும்போது கூர் உங்கள் பக்கம் இருக்கட்டும். ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்தவருக்குக் கடைக்காரர் உள்ளே இருப்பதையும் எடுத்துக் காட்டுவார்.

நான்காம் படி: பார்க்கும் வரிசை

முதலில் உருவம். வாளைக் கை நீட்டித் தூக்கிப் பிடித்து, வளைவு எங்கே ஆழமாக இருக்கிறது, அடியும் முனையும் அகலத்தில் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பாருங்கள். காமகுரா காலத் (12-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை) தாச்சியில் வளைவு பிடியோரம் ஆழமாக இருக்கும். 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டானா ஏறக்குறைய நேராக, முனை நோக்கிக் குறுகிப் போகும். சான்றிதழ் ஒரு காலத்தைச் சொல்லி, உருவம் வேறு காலத்தைச் சொன்னால் நின்று யோசிக்க வேண்டும்.

அடுத்தது இரும்பு. இரும்பு மணலையும் மரக்கரியையும் சேர்த்து மூன்று நாள் இரவு பகலாக எரியும் ததாரா உலையில் கிடைப்பது தமாஹகானே என்ற எஃகு. அதை மடித்து மடித்து அடிப்பதால் தகட்டில் மரத்தின் வரி போல மெல்லிய படிவம் தெரியும். இந்தப் படிவம் அமைதியாக இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் புலப்படும். எட்ட நின்றே கண்ணைப் பறிக்கும் அலை அலையான கோடுகள் இருந்தால் அது அமிலத்தில் ஊறவைத்த சந்தைச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு ஹாமோன். கொல்லர் களிமண்ணை வாளின் முதுகில் தடிமனாகவும் கூரோரம் மெல்லியதாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். கூரோரம் சட்டென்று குளிர்ந்து இறுகிவிடும், முதுகு மெல்லக் குளிர்ந்து இளக்கமாக நிற்கும். இரண்டுக்கும் இடையிலான எல்லைதான் அந்த வெண்கோடு. அதில் தனித்தனிப் பொடி நட்சத்திரங்களாக மின்னுபவை நிஎ; பனிப்புகையாகப் படர்ந்திருப்பது நிஓய். உண்மையான ஹாமோன் விளக்கைத் திருப்பத் திருப்ப எழுந்து அடங்கும். அமிலத்தாலோ தேய்த்தோ போட்ட போலிக் கோடு எந்தக் கோணத்தில் பார்த்தாலும் சுண்ணாம்பு அடித்தது போல ஒரே மாதிரி நிற்கும். அந்தக் கோடு முனைக்குள்ளும் தொடர்ந்து, வளைந்து முதுகுப் பக்கம் திரும்ப வேண்டும். முனைக்குள் இருக்கும் இந்தப் பகுதிக்கு போஷி என்று பெயர். முனை உடைந்து திரும்பத் தீட்டிய வாளில் போஷி இருக்காது. அப்படிப்பட்டதை முதல் வாளாக வாங்காதீர்கள்.

குறைகளில் உயிர்க்குறை ஒன்று உண்டு: ஹாகிரே. கூரிலிருந்து செங்குத்தாக மேலேறும் விரிசல் அது, தலைமுடியைவிட மெல்லியது. இணைய ஏலத்தில் நான் எடுத்த முதல் வாகிஸாஷியில் அது இருந்தது. படங்களில் ஹாமோன் அழகாக விழுந்திருந்தது, விலையும் கட்டுக்குள் இருந்தது. மெருகிடும் கலைஞர் ஒருவரிடம் கொண்டுபோனேன். விளக்கடியில் அவர் வாளை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, மூங்கில் குச்சியால் தொடாமல் சுட்டினார். நாலு மில்லிமீட்டர் நீளத்துக்குக் கறுப்பு இழை. இதற்கு மேல் கல்லை வைக்க முடியாது என்று சொல்லித் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார். அந்த வாளைச் செய்த கொல்லரையும் அதை இத்தனை காலம் காத்து வைத்தவர்களையும் நினைத்து எனக்கு அன்று வருத்தமாக இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வாளிலும் கூரோரத்தை ஒற்றை விளக்கில் அடி முதல் முனை வரை இரண்டு பக்கமும் பார்க்காமல் நான் எழுந்ததில்லை. படத்தில் மட்டும் பார்த்து வாங்குவதானால், ஹாகிரே இல்லை என்று விற்பவர் எழுத்தில் தரட்டும்.

மற்றக் குறைகளுக்குப் பயப்பட வேண்டியதில்லை, விலையில் கழித்துக்கொள்ளலாம். மடிப்பில் சின்னப் பிளவு, காற்றுக் கொப்புளம், கொப்புளத்தை மூடப் பதித்த ஒட்டு இரும்பு போன்றவை பழைய வாளில் இருக்கக்கூடியவைதான். பல முறை மெருகிட்டு மேல் எஃகு தேய்ந்து, உள்ளே உள்ள மென்இரும்பு மங்கலான திட்டாகத் தெரிந்தால் அதைக் களைத்துப்போன வாள் என்பார்கள். தீயில் அகப்பட்டுப் பதம் இழந்து திரும்பத் தோய்த்த வாள்களும் உண்டு. பொதுவாக அவற்றின் மதிப்பு பெரிதும் குறையும். ஆனால் 1615-இல் ஒசாகா கோட்டை எரிந்தபோது சேதமான புகழ்பெற்ற வாள்களை எச்சிசென் யாசுத்சுகு என்ற கொல்லர், அன்று ஜப்பானை ஆண்ட தொக்குகாவா குடும்பத்துக்காக மறுபடி தோய்த்துக் கொடுத்தார். அவற்றை இன்றும் போற்றித்தான் வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: நகாகோவையும் பெயரையும் படிப்பது

இப்போது பிடியைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடலாம்.

நல்ல பழந்துரு ஆழ்ந்த பழுப்பிலிருந்து கறுப்பு வரை இருக்கும். பார்க்க வழவழப்பாக இருக்கும், தொட்டால் கையில் ஒட்டாது. செங்கல் நிறத்தில் உதிர்ந்தால் அது புதுத்துரு: ஈரத்தில் கிடந்திருக்கலாம், அல்லது வயதைக் கூட்டிக் காட்ட வேண்டுமென்றே ஏற்றியதாக இருக்கலாம். அரம் ஓடிய கோடுகளின் சாய்வு ஒவ்வொரு கொல்லர் மரபுக்கும் வேறுபடும். இரண்டு மூன்று ஆணித் துளைகள் இருந்தால் வாளை ஒரு காலத்தில் குட்டையாக்கியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். நீண்ட தாச்சிகளைப் பின்னாளில் அடிப்பக்கமாக வெட்டிச் சிறிதாக்கினார்கள். அப்போது கொல்லரின் பெயர் இருந்த பகுதியே போய்விடும். அதனால் பெயரில்லாத வாள் என்றால் தரமில்லாத வாள் என்று நினைக்க வேண்டாம். மிக உயர்ந்த தரச் சான்று பெற்ற பெயரில்லா வாள்கள் ஏராளம். புகழ்பெற்ற கொல்லர் மாசாமுனே செய்ததாக ஏற்கப்பட்ட நீண்ட வாள்களிலேயே பெரும்பாலானவற்றில் பெயர் கிடையாது.

வாளில் வெட்டிய பெயருக்கு ஜப்பானிய மொழியில் மெய் என்பார்கள். நம் காதில் அது உண்மை என்று ஒலித்தாலும், புதியவர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். கிமெய் என்றால் போலிப் பெயர். நூற்றாண்டுகளாகவே சாதாரண வாள்களில் பெரிய கொல்லர்களின் பெயரை வெட்டி விற்றிருக்கிறார்கள். இன்றைய டோக்கியோவான எதோவில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகசோனே கோதெட்சு என்ற கொல்லரின் பெயரில் போலி மிக அதிகம். அந்தப் பெயரைக் கண்டாலே முதலில் போலி என்று எடுத்துக்கொண்டு, இல்லை என்று நிரூபணமானால் மகிழுங்கள்.

ஒரு பூதக்கண்ணாடி கையில் இருக்கட்டும். எழுத்தின் பள்ளத்துக்குள் இருக்கும் துருவும் சுற்றியுள்ள துருவும் ஒரே நிறமா என்று பாருங்கள். சுற்றிலும் கறுத்திருக்க, பள்ளத்துக்குள் மட்டும் வெளுத்தோ சிவந்தோ இருந்தால் அது பின்னால் வெட்டியது. உளி ஒரே வீச்சில் போயிருக்கிறதா, தயங்கித் தயங்கிப் போயிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். தன் பெயரை ஆயிரம் முறை வெட்டியவரின் கை தயங்காது.

பெயர் எவ்வளவு நீளம் என்பதும் சேதி சொல்லும். உள்நாட்டுப் போர்கள் ஓயாத 16-ஆம் நூற்றாண்டில் ஒசாபுனேயில் சுகேசதா என்ற பெயரில் பல கொல்லர்கள் இருந்தார்கள். படைக்காக மொத்தமாக அடித்தவற்றில் சுருக்கமாகப் பீஷூ ஒசாபுனே சுகேசதா என்றுதான் இருக்கும்; பீஷூ என்பது ஒசாபுனே இருந்த பிசென் நாட்டின் சுருக்கப் பெயர். ஒருவர் சொல்லிச் செய்யவைத்த வாளில் பிசென் நாடு, ஒசாபுனே வாசி என்று தொடங்கி யோசோசாஎமோன் போன்ற சொந்தப் பெயரையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள். இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மறுபக்கத்தில் தேதி இருந்தால், இரண்டாம் மாதம் அல்லது எட்டாம் மாதம் ஒரு நாள் என்றே பெரும்பாலும் இருக்கும். அது அந்தக் கால வழக்கம், பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம்.

ஆறாம் படி: சான்றிதழ்

1945-க்குப் பிறகு நேசநாட்டுப் படைகள் ஜப்பான் முழுவதும் வாள்களைப் பறிமுதல் செய்தன. ஹொன்மா ஜுன்ஜி, சாத்தோ கான்இச்சி ஆகிய அறிஞர்கள் கர்னல் காட்வெல் என்ற அமெரிக்க அதிகாரியிடம் இவை கலைப்பொருள்கள் என்று எடுத்துச் சொன்னதால் பல வாள்கள் தப்பின. அதைத் தொடர்ந்து 1948-இல் தொடங்கியதுதான் ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம். என்.பி.டி.ஹெச்.கே. என்று சுருக்கிச் சொல்வார்கள். இன்று சந்தை அதிகம் நம்புவது அதன் சான்றிதழைத்தான்.

அதில் நான்கு தரங்கள்: ஹோசோன், தொக்குபெத்சு ஹோசோன், ஜூயோ, தொக்குபெத்சு ஜூயோ. முதல் வாளுக்கு முதல் இரண்டில் ஒன்று போதும். 1982-க்கு முந்தைய கிச்சோ வகைப் பழைய சான்றிதழ்களில் தவறானவை கலந்துவிட்டன. அதை மட்டும் காட்டிப் பெரிய பெயருக்குப் பெரிய விலை கேட்டால், புதிதாக மதிப்பீட்டுக்கு அனுப்பித் தரும்படி கேளுங்கள்.

சான்றிதழில் நகாகோவின் படம் ஒட்டியிருக்கும். கையில் உள்ள நகாகோவை அதன் பக்கத்தில் வைத்து, துளைகளின் இடம், எழுத்து தொடங்கும் இடம், நுனியின் வடிவம் எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரு வாளின் சான்றிதழை இன்னொரு வாளோடு சேர்த்து விற்பதும் நடக்கிறது. இன்னொன்று, சான்றிதழ் யார் செய்தது என்பதைச் சொல்லுமே தவிர, வாள் நல்ல நிலையில் இருக்கிறது என்று உறுதி தராது. அதை உங்கள் கண்தான் பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: சட்டமும் பயணமும்

ஜப்பானில் ஒவ்வொரு வாளோடும் தோரோகுஷோ என்ற பதிவு அட்டை இருக்க வேண்டும். மாநிலக் கல்வி வாரியம் தருவது அது. நீளம், வளைவு, ஆணித் துளைகளின் எண்ணிக்கை, பெயர் எல்லாம் அதில் இருக்கும். ஆளுக்கு உரிமம் என்று எதுவும் இல்லை, பதிவு வாளுக்குத்தான். அங்கே வசிப்பவர் வாங்கினால் 20 நாளுக்குள் உரிமையாளர் மாற்றத்தைக் கல்வி வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மரபு முறையில் செய்யாத ராணுவ வாளுக்குப் பதிவு கிடைக்காது. உங்களிடம் உள்ள அப்படிப்பட்ட வாளை ஜப்பானுக்குள் கொண்டுபோக நினைக்காதீர்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்ப, கலாசார முகமையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கி, பதிவு அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நல்ல வணிகர் இதைத் தானே செய்து தருவார். சில வாரங்கள் ஆகும். தேசியப் பொக்கிஷம், முக்கியக் கலாசாரச் சொத்து என்று அறிவித்த வாள்கள் நாட்டை விட்டு வெளியேற முடியாது.

வந்து சேரும் நாட்டின் சட்டத்தைப் பணம் கட்டும் முன்பே விசாரியுங்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வாளும் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்தால் சுங்கத்தில் நிற்கும், வழக்கும் வரலாம். பிரிட்டனில் 50 செ.மீ.க்கு மேற்பட்ட வளைந்த வாள்களுக்கு 2008 முதல் தடை இருக்கிறது. 1954-க்கு முன் செய்தவற்றுக்கும் மரபு முறையில் கையால் செய்தவற்றுக்கும் விலக்கு உண்டு என்பதால் சான்றிதழின் நகலைப் பொதியோடு அனுப்பச் சொல்லுங்கள். உறையிலோ பிடியிலோ யானைத் தந்தம் இருந்தால் அந்தப் பாகங்களை வாங்கவே வேண்டாம், எல்லை தாண்ட விடமாட்டார்கள்.

எட்டாம் படி: விலை பேசும் முன்

விற்பவரிடம் நான்கு கேள்விகள். ஹாகிரே உண்டா? திரும்பத் தோய்த்த வாளா? பெயர் உண்மை என்று எழுதித் தருவீர்களா? பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம்? நேரடியாகப் பதில் வந்தால் தொடருங்கள். பதிலுக்குச் சாமுராய்க் குடும்பக் கதை வந்தால் கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

துருப்பிடித்ததைக் குறைந்த விலைக்கு வாங்கி மெருகிட்டுக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தோகிஷி எனப்படும் பயிற்சி பெற்ற மெருகுக் கலைஞர் ஒருவர் பத்துக்கும் மேற்பட்ட கற்களில் படிப்படியாகச் செய்யும் வேலை அது. நீளத்துக்கு ஏற்பக் கூலி. ஒரு கட்டானாவுக்குச் சில லட்சம் யென் ஆகும், மாதக்கணக்கில் வரிசையில் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் வாளின் விலையைவிடச் செலவு கூடிவிடும். ஊரில் சாணை பிடிப்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு சுற்றில் ஹாமோனும் உருவமும் போய்விடும், பிறகு யாராலும் மீட்க முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு

அலங்கார உறையில் நெடுநாள் வைக்க வேண்டாம். ஹோனோகி மரத்தில் செய்த ஷிராசாயா என்ற வெற்று உறையில் வையுங்கள். படுக்கை வாட்டில், கூர் மேல்நோக்கி இருக்கட்டும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் மாதம் ஒரு முறையாவது எடுத்துப் பாருங்கள். மெல்லிய பருத்தித் துணியில் சுத்தமான ஆல்கஹால் தொட்டு, முதுகுப் பக்கமிருந்து பிடித்து, அடியிலிருந்து முனை நோக்கி ஒரே திசையில் பழைய எண்ணெயைத் துடையுங்கள். பிறகு வாளுக்கென்றே விற்கும் சோஜி எண்ணெய் ஒரு படலம், கண்ணுக்குத் தெரியாத அளவு. சொட்டும்படி பூசினால் உறையின் மரம் உறிஞ்சி அழுக்கைச் சேர்க்கும். உச்சிகோ என்ற வெண்பொடிப் பொட்டலம் எல்லா வாள் பராமரிப்புப் பெட்டியிலும் வரும், ஆனால் அது நுண்ணிய கல் பொடி. புது மெருகில் தட்டித் தேய்த்தால் நாளடைவில் கீறல் விழும். நான் அதைத் தொடுவதில்லை.

நகாகோவை மட்டும் விட்டுவிடுங்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதுபோல அதைத் துலக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் நானூறு ஆண்டு வயதும் பெயரின் நம்பகமும் சேர்ந்து போய்விடும். எண்ணெய் பூசிய கையைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய் மிச்சம் இருந்தால் விரல் நுனியில் உள்ளதை மட்டும் அதில் ஒற்றுங்கள். பிடியைத் திரும்பப் போடும்போது மூங்கில் ஆணி இறுக்கமாக நிற்கிறதா என்று பாருங்கள். சுருங்கித் தளர்ந்திருந்தால் முற்றிய, காய்ந்த மூங்கிலில் புது ஆணி செதுக்கிப் போட்ட பிறகே வாளைத் தூக்குங்கள்.